நினிவேயின் மழைக் கணக்கு

துருக்கியின் தென்கிழக்கு மூலையில், டைகிரிஸ் ஆற்றின் மேல்பாகத்தில், ஸியாரத் தெப்பே என்றொரு மண்மேடு இருக்கிறது. துஷான் என்ற அசீரிய எல்லைப்புற நகரம் அதற்குள் புதைந்து கிடந்தது. அங்கே அகழாய்வு செய்தவர்களுக்குக் கிடைத்த களிமண் பலகைகளில் ஒன்று, கி.மு. 611 வாக்கில் எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் மன்னு-கி-லிப்பாலி என்ற அதிகாரி.

தேர்ப்படை ஒன்றைத் திரட்டும்படி மேலிடத்திலிருந்து அவருக்கு உத்தரவு வந்திருக்கிறது. எப்படித் திரட்டுவது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். குதிரைக்காரர்கள் இல்லை. அசீரிய மொழி எழுத்தரும் இல்லை, அரமேய மொழி எழுத்தரும் இல்லை. படைப்பிரிவுத் தலைவர்கள், கன்னார், கொல்லர், தச்சர், வில் செய்பவர், அம்பு செய்பவர், நெசவாளர், தையல்காரர் என்று ஒவ்வொரு தொழிலாகச் சொல்லி, ஒருவரும் ஊரில் இல்லை என்கிறார். யார் யாரை அழைக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல்கூட அவர் கையில் இல்லை. இது சாவில்தான் முடியும், யாரும் தப்பப் போவதில்லை, என் கதை முடிந்தது என்ற பொருளில் கடிதம் நிற்கிறது. எழுதிய ஊரிலேயே அது கிடைத்திருப்பதைப் பார்த்தால், எடுத்துப் போக ஆள் இருந்ததா என்பதே சந்தேகம்.

அந்த உத்தரவு வருவதற்குச் சுமார் ஓராண்டுக்கு முன்பே தலைநகர் நினிவே எரிந்து சாம்பலாகிவிட்டது. அரசன் செத்துவிட்டான். ஆனாலும் எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து உத்தரவு கிளம்பியிருக்கிறது, இன்னொரு அலுவலகத்தில் அதற்கு முறைப்படி பதில் எழுதியிருக்கிறார்கள். அரசாங்கம் போன பிறகும் கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கடிதத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் இப்படியொரு நிலை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கி.மு. 671இல் அசீரிய அரசன் எசர்ஹத்தோன் எகிப்தின் மெம்பிஸ் நகரைப் பிடித்தான். ஈரானிய மலைகளிலிருந்து நைல் வரை அவன் சொல் செல்லுபடியானது. உலகம் அதுவரை கண்டிராத பெரிய பேரரசு அது. நினிவேயின் மதில் 12 கிலோமீட்டர் சுற்றளவு, உள்ளே 750 ஹெக்டேர் நிலம். அன்றைய உலகில் அதற்கு ஈடாக இன்னொரு நகரம் இல்லை. விவிலியம் படித்தவர்களுக்கு யோனாவின் கதையிலும் நாகூமின் சாபத்திலும் வரும் ஊர் இதுதான்.

அப்புறம் அது போன வேகம்தான் வியப்பு. கி.மு. 401இல் கிரேக்கக் கூலிப்படையோடு அந்த வழியாகத் திரும்பி நடந்த செனபோன், நினிவேயின் இடிந்த மதில்களைக் கண்டு உயரமும் அகலமும் குறித்து வைத்தார். ஆனால் அது யாருடைய நகரம் என்று அவருக்குத் தெரியவில்லை. மேதியர் வாழ்ந்த ஊர் என்று உள்ளூரில் சொன்னதை எழுதிவிட்டுப் போனார். இருநூறு ஆண்டுகளில் பெயரே அழிந்துவிட்டது.

இத்தனை பழைய காலத்துக்கு ஆண்டுக் கணக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழும். அசீரியர்கள் ஆண்டுக்கு எண் இடவில்லை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உயர் அதிகாரியின் பெயரைச் சூட்டி, அந்தப் பெயர்களை வரிசையாகப் பட்டியல் எழுதி வைத்தார்கள். அதில் பூர்-சகலே என்பவரின் ஆண்டில் சூரியன் மறைந்தது என்றொரு குறிப்பு இருக்கிறது. வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டதில் அந்தக் கிரகணம் கி.மு. 763 ஜூன் 15 என்று வந்தது. ஒரே ஓர் ஆணி. அசீரிய வரலாற்றின் அத்தனை தேதிகளும் அந்த ஆணியில்தான் தொங்குகின்றன. அந்தப் பட்டியலும் கி.மு. 649உடன் அறுந்துபோகிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் அதிகாரிகள் பெயர் கிடைத்திருக்கிறது, யார் முன் யார் பின் என்ற வரிசைதான் கலைந்து கிடக்கிறது.

கடைசி ஆண்டுகளின் கதையைச் சொல்லும் சான்று எதிரியிடமிருந்து வருகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பாபிலோனிய வரலாற்றுப் பலகை ஒன்றை 1923இல் சி. ஜே. கேட் பதிப்பித்தார். ஆண்டுவாரியாக, உணர்ச்சியே இல்லாமல், ஒரு கணக்கப்பிள்ளையின் குரலில் போகிறது அது. இந்த மாதம் படை புறப்பட்டது, இந்த ஊர் பிடிபட்டது, அரசன் நாடு திரும்பினான். கி.மு. 612ஆம் ஆண்டுக்கான பகுதியில், மூன்று மாதம் நினிவே முற்றுகையிடப்பட்டதையும் நகரம் இடிபாட்டு மேடாக்கப்பட்டதையும் அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

அந்தக் குரலில் வராததை மண் சொன்னது. 1980களின் இறுதியில் டேவிட் ஸ்ட்ரோனக் தலைமையிலான கலிபோர்னியக் குழு நினிவேயின் ஹால்சி வாயிலைத் தோண்டியது. எதிரி புகாதபடி வாயிலின் அகலத்தை அவசர அவசரமாகக் கல் அடுக்கிக் குறுக்கியிருந்தார்கள். அந்தக் குறுகிய வழியில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் விழுந்த நிலையிலேயே கிடந்தன. சிலவற்றோடு அம்பு முனைகளும் இருந்தன. அவர்களில் சிறுவர்களும் உண்டு. அடக்கம் செய்ய யாரும் திரும்பி வரவில்லை.

ஏன் விழுந்தது? நீண்ட காலமாகச் சொல்லப்பட்ட விடைகள் மூன்று: அளவுக்கு மீறி விரிந்தது, அரண்மனைச் சண்டை, எதிரிகள் கூடியது. மூன்றும் சரிதான். ஆனால் விரிந்ததும் சண்டையிட்டதும் எதிரிகளைச் சம்பாதித்ததும் அசீரியாவுக்குப் புதிதல்ல. முந்நூறு ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தது. கி.மு. 681இல் பெற்ற மகனாலேயே அரசன் சென்னாகெரிப் கொல்லப்பட்டான். அப்போதும் பேரரசு தடுமாறவில்லை, பத்தே ஆண்டில் எகிப்துக்குள் நுழைந்தது. இந்த முறை மட்டும் ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் கேள்வி.

விடையின் ஒரு பகுதி 2019இல் ஒரு குகைக்குள்ளிருந்து வந்தது.

வடகிழக்கு ஈராக்கின் குர்திஸ்தான் மலைகளில் குனா பா என்றொரு சுண்ணாம்புக் குகை உண்டு. மழைநீர் மண்ணில் இறங்கி, பாறையைக் கரைத்து, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒவ்வொரு சொட்டும் தரையில் துளி சுண்ணாம்பை விட்டுச் செல்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது மெழுகுவர்த்தி போலத் தரையிலிருந்து மேலெழுகிறது. ஸ்டாலக்மைட் என்பது அதுதான். குறுக்கே அறுத்துப் பார்த்தால் மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காகத் தெரியும். கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆஷிஷ் சின்ஹா, சீனாவின் ஷியான் ஜியாவோதோங் பல்கலைக்கழகத்தின் காயத்ரி கதாயத் உள்ளிட்ட குழுவினர் அந்த அடுக்குகளைப் படித்தார்கள்.

படிப்பது எப்படி? இரண்டு வேலைகள். முதலாவது, ஒவ்வோர் அடுக்கின் வயது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் பெரும்பாலும் கரையாது. அதனால் சொட்டு நீரோடு யுரேனியம் மட்டுமே புதிய சுண்ணாம்பு அடுக்குக்குள் வந்து சேர்கிறது. உள்ளே அடைபட்ட யுரேனியம் தன் போக்கில் சிதைந்து, தெரிந்த வேகத்தில் தோரியமாக மாறுகிறது. எவ்வளவு தோரியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கடிகாரம் பார்த்தது போலத்தான்.

இரண்டாவது, அந்த ஆண்டுகளின் மழை. ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என்று இரு வகை அணுக்கள் உண்டு. அந்த வட்டாரத்தில் மழை கொட்டிய காலங்களில் மழைநீரில் கனமான 18இன் விகிதம் குறையும், வறண்ட காலங்களில் கூடும். மழைநீரின் அந்த விகிதம் சுண்ணாம்பில் அப்படியே பதிந்துவிடும். ஆக ஒரே கல்லில் ஆண்டும் இருக்கிறது, அந்த ஆண்டின் வானமும் இருக்கிறது. எந்த அரசனும் தன் புகழுக்காகத் திருத்தி எழுத முடியாத கல்வெட்டு.

அந்தக் கல் சொன்னது இது. கி.மு. 925 முதல் 725 வரையிலான இருநூறு ஆண்டுகள், கடந்த நாலாயிரம் ஆண்டுகளிலேயே மிக ஈரமான காலங்களுள் ஒன்று. கி.மு. 675 வாக்கில் வறட்சி தொடங்கி, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. கடுமையைப் பொறுத்தவரை 2007-08இல் ஈராக்கையும் சிரியாவையும் வாட்டிய வறட்சிக்கு நிகர். அந்த வறட்சியில் வட ஈராக்கின் கோதுமை விளைச்சல் நாசமானதும், சிரியாவில் கிராமம் கிராமமாக ஆட்கள் நகரத்துக்கு இடம்பெயர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அது சில ஆண்டுகளில் தீர்ந்தது. அசீரியாவுக்கு வந்ததோ தலைமுறை தலைமுறையாக நின்றது.

இப்போது அசீரியாவின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மெசபடோமியா என்றதும் இரண்டு ஆறுகளும் வாய்க்கால் பாசனமும்தான் நினைவுக்கு வரும். அது தெற்கே, பாபிலோனியாவில். வடக்கே அசீரியாவில் டைகிரிஸ் ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் இருக்கிறது. ஆற்றுநீரை ஏற்றுவது சுலபமில்லை. அசீரியாவின் பார்லியும் கோதுமையும் பெரும்பாலும் மானாவாரி. வானம் பார்த்த பூமி. மானாவாரிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 முதல் 300 மில்லிமீட்டர் மழை வேண்டும். நல்ல காலத்தில் நினிவேயைச் சுற்றி அதைவிடத் தாராளமாகவே பெய்யும். மேற்கிலும் தெற்கிலும் சில பத்துக் கிலோமீட்டர் போனால் அந்த மழையளவின் எல்லைக்கோடு. மழை கொஞ்சம் பின்வாங்கினால் கோடும் பின்வாங்கும், விளிம்பில் இருந்த ஊரெல்லாம் பாலையாகும்.

ஈரமான அந்த இருநூறு ஆண்டுகளில்தான் அசீரியா வளர்ந்தது. கி.மு. 911க்குப் பிறகு அரசர்கள் ஆண்டுதோறும் படையெடுத்தார்கள். கி.மு. 745இல் ஆட்சிக்கு வந்த மூன்றாம் திக்லத்-பிலேசர் பிடித்த நாடுகளை மாகாணங்களாக்கி, அங்கே இருந்த மக்களைக் கூட்டம் கூட்டமாக வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நட்டான். வெறும் கொடுமைக்காக அல்ல. விளிம்பு நிலங்களை உழவும், புதிய தலைநகரங்களைக் கட்டவும் கைகள் வேண்டியிருந்தன. நிலமும் விளைந்தது. சென்னாகெரிப் நினிவேயைத் தலைநகராக்கியபோது, மழை தந்த அந்தச் செழிப்பு நிரந்தரம் என்ற நம்பிக்கையில்தான் நகரம் விரிந்தது.

அவன் தண்ணீரைப் பற்றி யோசிக்காதவன் என்று சொல்ல முடியாது. மலையிலிருந்து கால்வாய் வெட்டினான். ஜெர்வான் என்ற இடத்தில் பள்ளத்தாக்கின் மேல் கல்லால் ஒரு நீர்ப்பாலம் கட்டினான். நீளம் 280 மீட்டர் அளவு, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள். ரோமானியர்களுக்கு நானூறு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. அதன் எச்சத்தை இன்றும் பார்க்கலாம். ஆனால் அந்த நீர் நினிவேயின் தோட்டங்களையும் சுற்றுவட்ட வயல்களையும் நனைக்கும், பேரரசின் வயிற்றை நிரப்பாது.

வறட்சியை அசீரியர்கள் உணர்ந்தார்களா? கி.மு. 657ஐச் சேர்ந்த ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவர் அக்குல்லானு என்ற அரண்மனைச் சோதிடர், பெறுநர் அரசன் அசூர்பானிபால். இந்த ஆண்டு மழை குறைந்தது, அறுவடை இல்லை என்பது அதில் வரும் செய்தி. ஆனால் சோதிடர் கவலைப்படவில்லை. இது எதிரி நாடுகளை நீங்கள் வெல்லப் போவதற்கான நல்ல சகுனம் என்று விளக்கம் சொல்லிவிடுகிறார். அதிகாரத்துக்கு அருகில் இருப்பவர்கள் கெட்ட செய்தியை எப்படிப் பொட்டலம் கட்டுவார்கள் என்பதற்கு இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைய உதாரணம்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். வறட்சி வந்தது, பேரரசு விழுந்தது என்று ஒற்றை வரியில் முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கும். தலைப்புச் செய்திகள் அப்படித்தான் வந்தன. ஆனால் தேதிகள் ஒத்துழைக்கவில்லை. வறட்சி தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 675க்குப் பிறகுதான் எகிப்து பிடிபட்டது. அசூர்பானிபால் ஏலாமின் தலைநகர் சூசாவைச் சூறையாடியதும், 30,000க்கும் மேற்பட்ட பலகைகளும் துண்டுகளுமாக நாம் இன்று காணும் அந்த நூலகத்தைச் சேர்த்ததும் அதற்குப் பிறகே. பல ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிச் சண்டையிட்டார்கள், அந்தச் சண்டை நியாயமானது. மழை பொய்த்தால் பேரரசு தானாக விழுந்துவிடாது. விழுந்தால் எழுந்திருக்கும் தெம்பு குறையும். நினிவே விஷயத்தில் நடந்தது அதுதான் என்று தோன்றுகிறது. களஞ்சியத்தில் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த காலத்தில் வீட்டுக்குள் சண்டை மூண்டது.

அந்தச் சண்டைக்கு வித்திட்டவன் எசர்ஹத்தோன். மகன்களில் அசூர்பானிபாலுக்கு அசீரியாவையும், ஷமாஷ்-ஷும்-உக்கினுக்குப் பாபிலோனையும் பங்கிட்டுக் கொடுத்தான். அண்ணனான ஷமாஷ்-ஷும்-உக்கினுக்குப் பட்டம் இருந்தது, அதிகாரம் தம்பியிடம் இருந்தது. பதினாறு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கி.மு. 652இல் அவன் கலகம் செய்தான். பாபிலோன் முற்றுகையில் பட்டினி கிடந்தது. கி.மு. 648இல் நகரம் விழுந்தது, ஷமாஷ்-ஷும்-உக்கின் நெருப்பில் மாண்டான். வென்றவன் அசூர்பானிபால்தான். ஆனால் பேரரசின் பணக்காரப் பாதியைத் தன் கையாலேயே கசக்கிப் போட்டிருந்தான்.

பாபிலோனுக்கு இது முதல் அடியுமல்ல. கி.மு. 689இல் சென்னாகெரிப் அந்த நகரைத் தகர்த்து, கால்வாய் நீரைத் திருப்பி விட்டு மூழ்கடித்தான். பின்னர் அதைத் திரும்பக் கட்ட நினைத்த எசர்ஹத்தோனுக்கு ஒரு சங்கடம். மர்துக் தெய்வம் அந்த நகரம் 70 ஆண்டு பாழாய்க் கிடக்க வேண்டும் என்று விதித்திருந்ததாக நம்பிக்கை. ஆப்பெழுத்தில் 70 என்பது 60க்கான குத்துக்கோட்டுக்குப் பின் 10க்கான கோணக்குறி. இடம் மாற்றினால் 11. தெய்வம் இரக்கப்பட்டு எண்ணைத் தலைகீழாக்கிவிட்டது என்று கல்வெட்டில் எழுதிவிட்டு, பதினோராம் ஆண்டிலேயே கட்டத் தொடங்கினான். அரசியல் தேவைக்காகக் கணக்கு மாறிய சம்பவங்களில் இவ்வளவு நளினமானது வேறில்லை.

அழிய அழியப் பாபிலோன் எழுந்ததற்குத் தெய்வ இரக்கத்தைவிட ஆற்றுக்கே பங்கு அதிகம். பாபிலோனியாவில் மழை ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரைத் தொடாது. அங்கே மழையை நம்பி யாரும் விதைப்பதில்லை. யூப்ரடீஸும் டைகிரிஸும் துருக்கி மலைகளின் பனி உருகி வருபவை. வாய்க்கால், மதகு, பார்லி வயல், கரையோரம் பேரீச்சை. வறட்சிக் காலத்தில் ஆற்றிலும் நீர் குறையத்தான் செய்யும். ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு மலைகளின் பனியையும் மழையையும் திரட்டிக்கொண்டு வரும் ஆறு, தலைக்கு மேலிருக்கும் ஒரே வானத்தைப் போலச் சட்டென்று கைவிடாது. வடக்கே மானாவாரி நிலம் மூன்று ஆண்டு காய்ந்தால் ஊர் காலி. தெற்கே வாய்க்காலைத் தூர்வாரினால் ஊர் தப்பும்.

பாபிலோனுக்கான வாய்ப்பு கி.மு. 631 வாக்கில் அசூர்பானிபால் இறந்த பிறகு வந்தது. மகன்கள் அடுத்தடுத்து அரியணை ஏறினார்கள். இடையில் ஒரு தளபதியும் தானே அரசன் என்று சில மாதம் உட்கார்ந்தான். அந்தக் குழப்பத்தில், கி.மு. 626இல், நபோபொலாசர் பாபிலோனின் அரசனாக முடிசூடினான்.

தன்னை 'யாருமற்றவனின் மகன்' என்று கல்வெட்டில் சொல்லிக்கொண்டவன் இவன். எளியவனுக்குத் தெய்வம் அருளியது என்ற கதைக்கு அது பொருத்தம். ஆனால் வியன்னாவின் ஆய்வாளர் மிக்கேல் யுர்சா 2007இல் பலகைகளை ஒப்பிட்டு வேறொன்றைச் சொன்னார். உரூக் நகரில் அசீரியர்களின் ஆளுநராக இருந்த குடுர்ரு என்பவரின் மகனே நபோபொலாசர் என்பது அவர் வாதம். அது சரியென்றால் பேரரசைக் கவிழ்த்தவன் வெளியாள் அல்லன். அதன் நிர்வாகத்தில் பிறந்து, அதன் பலவீனங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்ந்தவன்.

வெற்றி எளிதாகவும் வரவில்லை. ஆறேழு ஆண்டுகள் பாபிலோனிய நகரங்களுக்குள்ளேயே போர். நிப்பூரில் அசீரியக் காவற்படை அடைபட்டுக் கிடந்தபோது, சோற்றுக்கு வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். விற்பனைப் பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன, சாட்சிகளின் பெயர்களோடு. அசீரியரைத் தெற்கிலிருந்து விரட்டிய பிறகு கி.மு. 616இல் அவன் வடக்கே நகர்ந்தான். அடுத்த ஆண்டு அசீரியாவின் அசூர் நகரைத் தாக்கி, தோற்றுப் பின்வாங்கினான்.

காரியத்தை முடித்தவர்கள் மேதியர். ஈரானிய மலைகளின் குதிரை வளர்ப்போர். கி.மு. 614இல் அவர்களின் தலைவன் சயாக்சரஸ் அசூரைப் பிடித்தான். பாபிலோனியப் படை சண்டை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது என்று பாபிலோனிய வரலாற்றுப் பலகையே ஒப்புக்கொள்கிறது. இடிந்த நகரத்தின் முன்னிலையில் இருவரும் நட்பு உடன்படிக்கை செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து நினிவே.

மேதியர் விஷயத்தில் ஒரு வரலாற்றுக் குறும்பு இருக்கிறது. கி.மு. 672இல் எசர்ஹத்தோன் கிழக்கு மலைகளின் சிற்றரசர்களை வரவழைத்து, என் மகன் அசூர்பானிபாலை உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று சத்தியம் வாங்கினான். மீறினால் வரும் சாபங்கள் பலகையில் வரிசை வரிசையாக எழுதப்பட்டன. வயல் இரும்பாகும், வானம் வெண்கலமாகும், மழை பெய்யாது என்பதும் அவற்றில் ஒன்று. அந்தப் பலகைகளை 1955இல் மேக்ஸ் மல்லோவனின் குழு பழைய அசீரிய நகரமான நிம்ருத்தில் கண்டெடுத்தது. நபு கோயிலின் அரியணைக் கூடத்தில், எரிந்த இடிபாட்டுக்குள், நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்தன.

நினிவேயில் புகுந்தவர்கள் சுவர்ச் சிற்பங்களையும் விடவில்லை. லாகீஷ் நகர வெற்றியைப் பார்த்தபடி வீற்றிருக்கும் சென்னாகெரிப்பின் முகத்தைத் தேடிச் சிதைத்தார்கள். சுற்றியிருக்கும் மற்ற உருவங்கள் பல அப்படியே இருக்கின்றன. ஆனால் வைத்த தீ ஒரு நல்லதும் செய்தது. சாதாரணமாகக் களிமண் பலகை ஈரத்தில் கரைந்துபோகும். அசூர்பானிபாலின் நூலகம் எரிந்தபோது பல பலகைகள் சூளையில் வைத்த செங்கல் போல வெந்து இறுகின. 1872இல் ஜார்ஜ் ஸ்மித் அவற்றில் ஒன்றில்தான் கில்கமேஷ் காவியத்தின் வெள்ளக் கதையைப் படித்தார்.

எஞ்சியவர்கள் மேற்கே ஹாரானுக்கு ஓடி இன்னொரு அரசனை ஏற்படுத்திக்கொண்டார்கள். அசீரியாவிடம் முன்பு அடிபட்ட எகிப்து இப்போது அதற்கு உதவ வந்தது. பழைய எதிரியைவிடப் புதிய எதிரி பெரிதாகத் தெரிந்திருக்கும். பயனில்லை. கி.மு. 610இல் ஹாரான் போனது, அடுத்த ஆண்டு அதை மீட்கும் முயற்சியும் தோற்றது. கி.மு. 605இல் கர்கேமிஷில் பாபிலோனிய இளவரசன் நெபுகாத்நேசர் எகிப்தியப் படையை நொறுக்கியபோது வாரிசு யார் என்பது தீர்ந்துவிட்டது.

பேரரசு இறந்ததை எல்லோரும் ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. சிரியாவின் காபூர் ஆற்றங்கரையில் துர்-கட்லிம்மு என்ற ஊரில் நான்கு பத்திரங்கள் கிடைத்தன. மொழி அசீரியம், எழுத்து முறை அசீரியம், பத்திரத்தின் வாசகமும் அசீரிய வழக்கம். தேதி மட்டும் நெபுகாத்நேசரின் ஆட்சியாண்டு. மேலே பெயர்ப்பலகை மாறிவிட்டது, கீழே அதே பத்திர எழுத்தர்.

புதிய பேரரசு பழையதன் தொழில்முறைகளையும் அப்படியே வாங்கிக்கொண்டது. ஆண்டுதோறும் படை, கப்பம், மக்களை இடம்பெயர்த்தல். எருசலேமிலிருந்து யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டது இந்த வழக்கத்தின்படிதான். ஆனால் வந்த செல்வம் தெற்கே குவிந்தது. வாய்க்கால்கள் வெட்டினார்கள், வயல்களைப் பேரீச்சைத் தோப்பாக்கினார்கள், கட்டட வேலைக்கு வெள்ளியில் கூலி கொடுத்தார்கள். இஷ்தார் வாயிலின் நீலச் செங்கற்கள் அந்தப் பணத்தில் எழுந்தவை. சிப்பார், உரூக் கோயில்களின் கணக்குப் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கூலி, பார்லி, பேரீச்சை, ஆட்டு ரோமம் எல்லாவற்றுக்கும் கணக்கு. வறட்சி நீடித்துக்கொண்டிருந்ததாகக் குகைக் கல் சொல்லும் அதே காலத்தில்தான் பாபிலோனின் பொற்காலமும் நடந்தது.

அங்கே இன்னொரு கணக்கும் எழுதினார்கள். பாபிலோனின் வானியலாளர்கள் இரவுதோறும் சந்திரனையும் கோள்களையும் பார்த்துக் குறித்து வைத்தார்கள். கிடைத்திருக்கும் நாட்குறிப்புகளில் மிகப் பழையது கி.மு. 652, அண்ணன் தம்பிப் போர் வெடித்த ஆண்டு. ஆட்சிகள் மாறின, நாட்குறிப்பு ஆறு நூற்றாண்டு தொடர்ந்தது. கோள்களோடு கூடவே சந்தையில் பார்லி விலை என்ன, யூப்ரடீஸில் நீர்மட்டம் எவ்வளவு என்றும் எழுதினார்கள். எதைக் கவனித்தால் நாடு பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த முழு மாற்றத்தையும் ஒரே ஆயுளில் பார்த்த ஒருத்தி இருந்தாள். பெயர் அதாத்-குப்பி. கடைசிப் பாபிலோனிய அரசன் நபோனிதஸின் தாய். அவள் வாழ்க்கைக் கதையைத் தன்மையில் சொல்லும் கல் ஒன்று ஹாரானில் 1906இல் கிடைத்தது. அதன் இன்னொரு படியை 1956இல் ஹாரான் பெரிய பள்ளிவாசலின் தளத்தில் கண்டெடுத்தார்கள், நடைபாதைக் கல்லாகப் பதித்திருந்தார்கள். அசூர்பானிபாலின் 20ஆம் ஆண்டில் பிறந்தாளாம். அதாவது கி.மு. 649, ஆண்டுப் பெயர்ப் பட்டியல் அறுந்துபோன அதே ஆண்டு. முப்பத்தொன்பது வயது வாக்கில் தன் ஊரின் சந்திரன் கோயில் தகர்க்கப்பட்டதைப் பார்த்தாள். கிழிசல் உடுத்து, நகை துறந்து, அந்தத் தெய்வத்துக்காக அழுதபடி, கோயிலைத் தகர்த்த பாபிலோனியர்களின் அரண்மனையிலேயே இடம் பிடித்து, மகனை அரசனாகப் பார்க்கும் வரை வாழ்ந்தாள். 104 வயது என்கிறது கல். அவள் பிறந்த ஆண்டிலிருந்து இறந்த ஆண்டு வரை எண்ணினால் இரண்டு குறைகிறது. அந்த வயதில் இரண்டு கூடச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

அவள் இறந்தது நபோனிதஸின் 9ஆம் ஆண்டு, கி.மு. 547, முதல் மாதம் 5ஆம் நாள், சிப்பாருக்கு மேலே யூப்ரடீஸ் கரையில் துர்-கராஷு என்ற இடத்தில். பாபிலோனிய வரலாற்றுப் பலகை இதைக் குறித்திருக்கிறது. இளவரசனும் படையும் மூன்று நாள் துக்கம் காத்ததையும் எழுதியிருக்கிறது. அதே பலகையின் அடுத்த செய்தி: அதே மாதத்தில் பாரசீக அரசன் சைரஸ் படை திரட்டி, பழைய அசீரிய நகரமான அர்பேலாவுக்குக் கீழே டைகிரிஸைக் கடந்தான்.